மின் லாரியில் பேட்டரி கூலன்ட் குறைந்தால்: புதிதாக வண்டி எடுத்தவர்களுக்கு

டீசல் வண்டியில் பழகிய கைக்கு ஒரு வழக்கம் உண்டு. டேங்கில் அளவு குறைந்தால் கேனைத் திறந்து தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்பிவிடும். மின் லாரியில் பேட்டரியைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டில் அந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும். இது மூடிய சுற்று. ஆவியாகிப் போவது மிகமிகக் குறைவு. ஒரு லிட்டர் காணவில்லை என்றால் அந்த ஒரு லிட்டர் எங்கோ ஒழுகியிருக்கிறது. வண்டிக்கு அடியில் ஒழுகியிருந்தால் செலவு கொஞ்சம். பேட்டரிப் பெட்டிக்குள் ஒழுகியிருந்தால் அது வேறு கதை. அதனால் எவ்வளவு ஊற்றலாம் என்று பார்ப்பதற்கு முன்னால், போனது எங்கே என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா மின் சரக்கு வண்டிக்கும் பேட்டரி கூலன்ட் இருக்காது. சரக்கு ஆட்டோக்கள் பெரும்பாலும் காற்றுக் குளிர்ச்சியில் ஓடுபவை. சில வண்டிகளில் ஏசி கேஸே நேராகப் பேட்டரியைக் குளிர்விக்கும். கீழே சொல்வதெல்லாம் திரவக் குளிர்ச்சி உள்ள நடுத்தர, கனரக மின் லாரிகளுக்கு.

இந்தத் திரவம் செய்யும் வேலை

பேட்டரி செல்களுக்கு அடியில் அலுமினியத் தட்டுகள் இருக்கும். அவற்றின் குறுகலான வழிகளில் கூலன்ட் ஓடும். அதை ஓட்டுவது மின்சாரப் பம்ப். சூடான கூலன்ட் சில்லர் என்ற சிறிய பெட்டிக்குப் போய், அங்கே ஏசி கேஸிடம் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். லித்தியம் செல்லுக்குச் சௌகரியமான வெப்பம் ஏறக்குறைய 15 முதல் 35 டிகிரி. 45-ஐத் தாண்டி அடிக்கடி போனால் செல்லின் ஆயுள் வேகமாகக் குறையும்.

சூடு அதிகம் பிறப்பது ஓட்டும்போது மட்டுமல்ல, வேகச் சார்ஜிங்கிலும்தான். 120 கிலோவாட்டில் சார்ஜ் ஏறும்போது அதில் 4 சதவீதம் பேட்டரிக்குள் வெப்பமாகப் போகிறது என்று வைத்தால் 5 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு 1.5 டன் ஏசி முழு மூச்சாக ஓடினால் வெளியேற்றும் சூட்டுக்கு அது கிட்டத்தட்டச் சமம். சுற்றில் பாதி கூலன்ட்டும் பாதி காற்றுமாக இருந்தால் இந்தச் சூடு போக வழியில்லை. கூலன்ட் குறைவாக இருக்கும் வண்டியை வேகச் சார்ஜரில் போடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எச்சரிக்கை வந்தவுடன்

மஞ்சள் விளக்கா சிவப்பு விளக்கா என்று பாருங்கள். மஞ்சள் என்றால் பெரும்பாலான வண்டிகளில் அளவு குறைந்தபட்சக் கோட்டுக்கு அருகே வந்துவிட்டது என்று பொருள். ஓரமாக நிறுத்தக்கூடிய இடம் வரை நிதானமாகப் போகலாம். சிவப்பு விளக்கு, இழுவை குறைதல், பேட்டரி வெப்ப எச்சரிக்கை, இன்சுலேஷன் பழுது (மின்காப்புக் கோளாறு) என்ற எழுத்து, இவற்றில் எது வந்தாலும் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்திச் சாவியை அணைத்து இறங்குங்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஊற்றிச் சரிசெய்யும் நிலை அல்ல அது.

மலைப்பாதை வளைவிலோ, பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போதோ விளக்கு ஒரு நொடி மின்னி அணைந்தால் டேங்கில் திரவம் அலைந்ததே காரணமாக இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். அளவு கோட்டை ஒட்டி நிற்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். டேங்க் நிறைய இருந்தும் விளக்கு எரிந்தால் உள்ளே மிதவை சிக்கியிருக்கலாம், சென்சார் கனெக்டரில் ஈரம் ஏறியிருக்கலாம். அதற்காகச் சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

எந்த டேங்க் என்பதில் குழப்பம் வேண்டாம்

மின் லாரியில் ஒன்றுக்கு மேற்பட்ட டேங்க் இருப்பது சாதாரணம். பேட்டரிக்கு ஒன்று, மோட்டாருக்கும் அதற்கேற்ப மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்கும் ஒன்று, சில வண்டிகளில் கேபின் ஹீட்டருக்குத் தனியாக ஒன்று. பக்கத்திலேயே கண்ணாடி கழுவும் தண்ணீர் டேங்கும் இருக்கும். மூடியின் மேல் இருக்கும் குறியைப் பாருங்கள், கையேட்டின் படத்தோடு ஒப்பிடுங்கள். ஊகித்துத் திறக்காதீர்கள். வாஷர் சோப்புத் தண்ணீர் பேட்டரி சுற்றுக்குள் போனால் முழுச் சுற்றையும் வடித்துக் கழுவ வேண்டிவரும்.

வெப்பத்திலும் வேறுபாடு உண்டு. பேட்டரி சுற்று கை பொறுக்கும் சூட்டில்தான் ஓடும். மோட்டார் சுற்று 60 டிகிரியைத் தாண்டலாம், ஹீட்டர் சுற்று அதைவிடச் சூடு. தவறான மூடியைத் திறந்தால் கையில்தான் தெறிக்கும்.

அளவு பார்ப்பது

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சார்ஜர் கழற்றியிருக்க வேண்டும். சாவி அணைந்து, பேட்டரியும் ஆறியிருக்க வேண்டும். காலையில் முதல் நடைக்கு முன் பார்ப்பது உத்தமம். சூட்டில் பார்த்தால் அளவு ஏமாற்றும். 20 லிட்டர் பிடிக்கும் சுற்றில் 30 டிகிரி சூடு ஏறினால் கிளைக்கால் (உறையாமல் காக்கும் ரசாயனம்) கலந்த கூலன்ட் ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் விரியும். மதியம் நிறைவாகத் தெரிந்த டேங்க் காலையில் கோட்டுக்குக் கீழே நிற்பது இதனால்தான். ஆறிய வண்டியில் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றியவருக்கு நடப்பது இதன் மறுபக்கம்: கோட்டுக்கு மேல் இருப்பது அடுத்த சூட்டில் மூடி வழியே வழிந்து கீழே போகும். பிறகு அந்த ஈரத்தைப் பார்த்துக் கசிவு என்று பயப்படுவார்கள்.

டேங்கில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பழைய டேங்கில் சுவரில் படிந்த கறைக்கோடு திரவ மட்டம் போலவே தெரியும். வண்டியை மெதுவாகத் தட்டினால் உண்மையான மட்டம் அசையும், கறை அசையாது.

எதை ஊற்றுவது

பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் உயர் மின்னழுத்தத்துக்கும் இந்தத் திரவத்துக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தட்டுதான். சாதாரண கூலன்ட் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சில வண்டிகளில் குறைந்த மின்கடத்தல் கொண்ட தனி கூலன்ட் பயன்படுத்துவது இதனால்தான். மின்கடத்தலை அளக்கும் மைக்ரோசீமன்ஸ் கணக்கில் சாதாரண கூலன்ட் சில ஆயிரம் காட்டும், தனி கூலன்ட் நூறுக்குள் நிற்கும். உங்கள் வண்டிக்கு எது என்று கையேட்டிலும் டேங்க் ஸ்டிக்கரிலும் எழுதியிருக்கும். அங்கே எழுதியிருப்பதை மட்டும் நம்புங்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். நிறம் கம்பெனி சேர்க்கும் சாயம், தரத்தின் அடையாளம் அல்ல. ஒரே பச்சை நிறத்தில் மூன்று விதமான அரிப்புத் தடுப்பு மருந்துகள் கிடைக்கின்றன. ஒத்துவராத இரண்டைக் கலந்தால் சில நேரம் கூழ் போலத் திரண்டுவிடும். ரேடியேட்டரின் அகலமான குழாயில் அது தப்பித்துவிடும், பேட்டரித் தட்டின் குறுகிய வழியில் அடைத்துக்கொள்ளும். எந்தெந்த செல்லுக்குக் கீழே அடைத்தது என்று வெளியே இருந்து தெரியாது.

கடையில் வாங்கும்போது ‘நேராக ஊற்றலாம்’ வகையா, தண்ணீர் கலக்க வேண்டிய வகையா என்று பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. கலக்காத கூலன்ட் கெட்டியானது, சூட்டைக் கொண்டு போகும் திறனும் அதற்குக் குறைவு. அதை அப்படியே ஊற்றுவது லாபம் இல்லை.

சென்னையில் பனியா கொட்டுகிறது, கிளைக்கால் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சில்லருக்குள் ஏசி கேஸ் உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் வெப்பத்தில் ஓடுகிறது. கூலன்ட் ஓட்டம் தடைப்பட்டால் வெறும் தண்ணீர் அங்கேயே உறைந்து தகட்டைக் கிழிக்கலாம். அதோடு, அலுமினியத்தை அரிப்பிலிருந்து காக்கும் மருந்தும் கூலன்ட்டில்தான் இருக்கிறது.

குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், பாட்டில் குடிநீர் மூன்றும் கூடாது. மூன்றிலும் உப்பு இருக்கிறது. குடிநீர் பாட்டிலில் சுவைக்காகவே தாது சேர்ப்பதும் உண்டு. வேறு வழியே இல்லாமல் ஒர்க் ஷாப் வரை போய்ச் சேர வேண்டும் என்றால், கையேடு அனுமதிக்கும் பட்சத்தில், சீல் உடையாத கேனில் உள்ள டிஸ்டில்டு வாட்டர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு பங்க்கில் விற்கிறார்களே, அதுதான். அதே அலமாரியில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும், லேபிளைப் படித்து எடுங்கள். 20 லிட்டர் சுற்றில் ஒரு லிட்டர் போய் அதற்குப் பதில் ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் சேர்ந்தால் கிளைக்கால் 50-இலிருந்து 47.5 சதவீதத்துக்கு இறங்கும், அவ்வளவே. ஒரு முறைக்குப் பொறுக்கலாம். மாதாமாதம் இதையே செய்தால் தாங்காது. குறைந்த மின்கடத்தல் கூலன்ட் உள்ள வண்டியில் ஒர்க் ஷாப் போனவுடன் இதைச் சொல்லி அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். லித்தியம் பேட்டரிக்கு ‘தண்ணி ஊற்றுவது’ என்று ஒன்று கிடையாது. பழைய ஈய பேட்டரி போல செல்லுக்குள் எதுவும் நிரப்ப வேண்டியதில்லை. பெட்டியில் எந்த மூடியையும் தேடித் திறக்காதீர்கள்.

ஊற்றும் முறை

1. சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சார்ஜர் கழற்றியிருக்கட்டும், சாவி அணைந்திருக்கட்டும். சாவி அணைந்தாலும் பம்ப்பும் விசிறியும் தானாக ஓடலாம். விசிறி அருகே கை, துண்டு, தளர்ந்த சட்டைக் கை போகக்கூடாது.

2. கேபினைத் தூக்க வேண்டிய வண்டி என்றால் தாங்கும் பூட்டு விழுந்ததா என்று பார்த்த பிறகே தலையை உள்ளே விடுங்கள்.

3. ஆரஞ்சு நிறக் கேபிள் எதுவாக இருந்தாலும் தொடக்கூடாது. டிசியில் 60 வோல்ட்டுக்கு மேல் போனாலே உயர் மின்னழுத்தம் என்பது ஐ.நா. விதி எண் 100 வகுத்த வரையறை. உங்கள் லாரியில் இருப்பது பல நூறு வோல்ட். டேங்க் மூடி வரைதான் உங்கள் எல்லை.

4. மூடியைச் சுற்றியுள்ள மண்ணை ஈரத்துணியால் துடையுங்கள். இதைச் செய்யாமல் விட்டுவிடும் ஆட்கள் அதிகம். உள்ளே விழும் ஒரு சிட்டிகை மணலும் பம்ப்புக்குத்தான் போகும்.

5. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மூடியைக் கால் சுற்றுத் திருப்பி நிறுத்துங்கள். ‘உஸ்’ சத்தம் அடங்கிய பிறகு முழுதாகத் திறங்கள். சத்தம் நீண்டுகொண்டே இருந்தாலோ, உள்ளே குமிழி வந்தாலோ ஊற்றாமல் மூடுங்கள். காரணம் கீழே வருகிறது.

6. இதற்கென்றே வைத்திருக்கும் சுத்தமான புனலில் 250 மில்லி ஊற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, மட்டத்தைப் பாருங்கள். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் வந்தால் போதும். டீசலுக்குப் பயன்படுத்திய புனல் வேண்டாம்.

7. எவ்வளவு ஊற்றினீர்கள், தேதி, கிலோமீட்டர், என்ன கூலன்ட். இந்த நான்கையும் டிரிப் நோட்டில் எழுதுங்கள். ஒர்க் ஷாப்காரர் முதலில் கேட்பது இதைத்தான்.

8. மூடியை இறுக்கி, சிந்தியதைத் துடைத்து, வண்டியை ஆன் செய்து பத்து நிமிடம் விட்டு மறுபடி அணைத்து மட்டம் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் ஒருமுறை மட்டும் சரிசெய்யலாம்.

டேங்க் அடியோடு காலி என்றால் மேலே சொன்னது பொருந்தாது. அப்போது பம்ப் காற்றை இழுத்திருக்கும். அந்தப் பம்ப்புக்கு மசகே கூலன்ட்தான், வறண்டு ஓடினால் சீக்கிரம் போய்விடும். டேங்கை நிரப்பிவிட்டால் மட்டும் தட்டுக்குள் புகுந்த காற்று வெளியேறிவிடாது. ஒர்க் ஷாப்பில் முதலில் சுற்றிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, பிறகு கூலன்ட்டை உள்ளே இழுக்கவிடுவார்கள். அடுத்து ஸ்கேனர் வழியாகப் பம்ப்பையும் வால்வுகளையும் ஓடவைத்து மிச்சக் காற்றை விரட்டுவார்கள். ரோட்டோரத்தில் இதைச் செய்ய முடியாது, இழுவை வண்டிதான்.

போனது எங்கே?

புது வண்டியிலும், சமீபத்தில் குளிர்ச்சிச் சுற்றில் வேலை பார்த்த வண்டியிலும் முதல் சில நாட்களில் மட்டம் சற்று இறங்கும். உள்ளே தங்கிய காற்று வெளியே வந்ததன் விளைவு அது, ஒருமுறை நிரப்பினால் நின்றுவிடும். அதற்குப் பிறகும் ஒரே மாதத்தில் இரண்டாம் முறை ஊற்ற வேண்டி வந்தால் கசிவு என்றே எடுத்துக்கொண்டு தேட ஆரம்பியுங்கள்.

இரவு வண்டி நிற்கும் இடத்தில் அட்டைப்பெட்டியைப் பிரித்து அடியில் விரித்து வையுங்கள். காலையில் ஈரம் இருந்தால் எந்த இடத்துக்கு நேர் கீழே என்று பாருங்கள். கேபினுக்குக் கீழே இருக்கும் ஈரம் பெரும்பாலும் ஏசி தண்ணீர். வேறுபாடு கண்டுபிடிக்க டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்து வெயிலில் வையுங்கள். ஏசி தண்ணீர் காய்ந்து காணாமல் போகும். கூலன்ட் என்றால் நிறக்கறை தங்கி, விரலில் கையுறையோடு தேய்த்தால் வழுக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழைய மெக்கானிக் பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம்.

இணைப்புகளில் காய்ந்த கசிவு வெள்ளையாகவோ, கூலன்ட் நிறத்திலோ பொருக்குத் தட்டியிருக்கும். பிளாஸ்டிக் விரைவு இணைப்புகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவற்றுக்குள் இருக்கும் ஓ-ரிங் நசுங்கியிருக்கும், அல்லது பூட்டு ‘கிளிக்’ என்று முழுதாக விழுந்திருக்காது. அடுத்து ஓஸ் கிளாம்ப். கிளாம்ப் தளர்ந்திருந்தால் ஸ்பானரை எடுத்துப் பலம் கொண்ட மட்டும் முறுக்காதீர்கள், ஓஸ் வெட்டுப்படும், பிளாஸ்டிக் முனை விரிசல் விடும். பிறகு பம்ப்பின் உடல், டேங்கின் அடித்தையல், கல் பட்ட ரேடியேட்டர். ஆரஞ்சுக் கேபிளுக்குப் பக்கத்தில் ஓடும் ஓஸில் கசிவு தெரிந்தால் கை வைக்காமல் படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே எங்குமே ஈரம் இல்லை, ஆனால் டேங்கில் ஓயாமல் குமிழி வருகிறது, மட்டம் ஏறி வழிகிறது, கேபின் ஏசியும் முன்பு போலக் குளிரவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் சில்லருக்குள் தகடு ஓட்டையாகியிருக்கும். ஏசியில் பயன்படும் ஆர்-134ஏ கேஸ் அங்கே 2, 3 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. கூலன்ட்டின் அழுத்தம் அதைவிடக் குறைவு. அதனால் கேஸ்தான் கூலன்ட்டுக்குள் நுழையும். மூடியைத் திறக்கும்போது சத்தம் நீண்டால் மூடச் சொன்னது இதற்காகத்தான். கேஸ் நிரப்பினால் ஏசி இரண்டு நாள் குளிரும், பழுது தீராது.

கசிவை அடைக்கும் பொடி, ‘ஸ்டாப் லீக்’ திரவம் எதையும் ஊற்றாதீர்கள். ஓட்டையை அடைக்கும் பொருள் குறுகலான தட்டு வழியையும் அடைக்கும். ஒளிரும் சாயம் ஊற்றிக் கசிவு தேடும் முறையும் வண்டிக் கம்பெனி ஒப்புக்கொண்ட சாயம் இல்லையென்றால் கூடாது, மின்கடத்தல் ஏறிவிடும்.

பேட்டரிப் பெட்டிக்குள் ஒழுகினால்

வெளியே கசிவு இல்லை, டேங்கில் குமிழியும் இல்லை, மட்டம் மட்டும் இறங்குகிறது என்றால் பயப்பட வேண்டிய நிலை அதுதான். கூலன்ட் செல்களுக்கு நடுவே தேங்கி, உயர் மின்னழுத்தம் உள்ள உலோகத்துக்கும் பெட்டிக்கும் இடையே பாலம் போட்டுவிடும். தண்ணீர் ஆவியானாலும் எஞ்சும் உப்புப் படிவு மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ஆபத்து அன்றைக்கே வெளிப்பட வேண்டும் என்பதில்லை.

2011-இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை செவர்லே வோல்ட் காரைப் பக்கவாட்டில் கம்பத்தில் மோதிச் சோதித்தது. மூன்று வாரம் கழித்து, நிறுத்தி வைத்த இடத்தில் அது தீப்பிடித்தது. மோதலில் பேட்டரி சேதமாகிக் கூலன்ட் கசிந்திருந்தது. அதற்குப் பிறகு கம்பெனி செய்த மாற்றங்களில் ஒன்று, கூலன்ட் டேங்கில் மட்டம் பார்க்கும் சென்சார். லாரியிலும் இது நடந்திருக்கிறது. 2023 ஜூனில் அரிசோனாவின் ஃபீனிக்ஸில், நிக்கோலா என்ற லாரிக் கம்பெனியின் தலைமையகத்தில் நின்ற மின் லாரிகள் எரிந்தன. பேட்டரி பேக்குக்குள் ஏற்பட்ட கூலன்ட் கசிவே காரணமாக இருக்கும் என்று ஆய்வு காட்டியதால், அந்த ஆகஸ்ட்டில் 209 லாரிகளைக் கம்பெனி திரும்ப அழைத்தது. வண்டி வைத்திருந்தவர்களுக்கு அது சொன்ன அறிவுரைகள் இரண்டு: முடிந்தால் திறந்தவெளியில் நிறுத்துங்கள், கண்காணிப்பு ஓடிக்கொண்டிருக்கும்படி பேட்டரியின் மெயின் சுவிட்சை ஆனில் வையுங்கள்.

இந்தச் சந்தேகம் வந்தால் சார்ஜில் போடாதீர்கள். ஷெட்டுக்குள், வேறு வண்டிக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். பெட்டியிலிருந்து இனிப்பான ரசாயன வாசனை, புகை, ‘சீறும்’ அல்லது ‘பட்பட்’ சத்தம் வந்தால் ஆட்களை விலக்கிவிட்டுத் தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிடுங்கள். மின் லாரி, லித்தியம் பேட்டரி என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அவர்கள் கொண்டுவரும் தண்ணீரின் அளவு அதைப் பொறுத்தது. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்தானே, தீப்பிடிக்காது என்ற தைரியமும் வேண்டாம். மற்ற வகையைவிட அது சூட்டைத் தாங்கும், உண்மை. ஷார்ட் ஆனால் எரியாது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

ஒர்க் ஷாப்புக்குப் போன் செய்யும்போது

‘கூலன்ட் லைட் எரியுது’ என்று மட்டும் சொன்னால் அவர்களால் முடிவெடுக்க முடியாது. எந்தச் சுற்று, மட்டம் எங்கே நிற்கிறது, கடைசியாக எப்போது எவ்வளவு ஊற்றினீர்கள், வேறு என்ன எழுத்து திரையில் வந்தது, சமீபத்தில் அடியில் ஏதாவது இடித்ததா. இதைச் சொன்னால் வண்டியை ஓட்டி வரச் சொல்வதா, இழுத்து வருவதா என்று அங்கிருந்தே சொல்லிவிடுவார்கள். இன்சுலேஷன் பழுது என்ற எழுத்தைப் பார்த்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், அழித்துவிட்டுப் பேசாதீர்கள்.

சிந்திய கூலன்ட்

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், விஷம். வளர்ந்த ஆளுக்கே 100 மில்லி அளவு உயிரை எடுக்கலாம், குழந்தைக்கும் நாய்க்கும் அதைவிடக் குறைவே போதும். கீழே சிந்தியதில் மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவைத்து அள்ளுங்கள். மழைநீர் வாய்க்காலில் விடாதீர்கள். மிச்சத்தைப் பழைய குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி கேபினில் வைக்காதீர்கள். வந்த கேனிலேயே, லேபிளோடு, டூல் பாக்ஸில் பூட்டி வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, அந்தக் கேனையும் கூடவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். முதல் சில மணி நேரம் குடிபோதை போல மட்டுமே தெரியும், சிறுநீரகம் பழுதாவது அதற்குப் பிறகு.